இரண்டு லேப்டாப்பும் ஓர் இரைச்சலும்

போன வருடம் மழைக்காலம் முடிகிற சமயம். பெங்களூரு ஜோகுபாளையத்தில் ஒரு வீட்டு ஹாலில் நடந்தது இது. அந்த ஹாலுக்குள் போவதற்கு முன்னால், ஒரு லேப்டாப் வாங்குவதற்காக நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட விஷயம்.

என் வேலை காது சம்பந்தப்பட்டது. யாருக்கு எந்த அளவுக்குக் காது கேட்கிறது என்று சோதித்து, காது மெஷின் பொருத்தித் தருவேன். மெஷினை வாங்கி மாட்டிக்கொண்டால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒருவருக்கு எந்த வகைச் சத்தம் குறைவாகக் கேட்கிறதோ, அதை மட்டும் கூட்டிக் கொடுக்க வேண்டும். அவர் எதிரில் உட்கார்ந்து 'இது சரி, அது காதைக் குத்துது' என்று சொல்லச் சொல்ல, நாங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றி இறக்கிச் சரிசெய்வோம். கிளினிக்கில் அதற்கு ஒரு மேஜைக் கம்ப்யூட்டர் இருக்கிறது. கிளினிக்குக்கு வர முடியாதவர்களுக்கு வீடு தேடிப் போய்ச் செய்யலாமே என்று அந்த வேலையை நானாகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் சொந்தமாக ஒரு லேப்டாப் தேவைப்பட்டது.

நாங்கள் இருப்பது ஊருக்கு வெளியே, ஓசூர் பக்கத்து அத்திபெலேயில். என் வீட்டுக்காரருக்குப் பக்கத்திலேயே ஃபேக்டரி வேலை என்பதால் அங்கே வீடு. நான் ஊருக்குள் போக வேண்டுமென்றால் பஸ், மெட்ரோ, இறங்கி இன்னொரு மெட்ரோ. அதனால் எனக்குச் சின்னதாக, பையில் இருப்பதே தெரியாத லேப்டாப் மேல் ஆசை. அவருக்கோ எது வாங்கினாலும் பெரிதாக வாங்க வேண்டும். நாங்கள் இரண்டே பேர் இருக்கிற வீட்டில் ஒரு கல்யாணக் குடும்பத்துக்குச் சமைக்கிற அளவுக்கு ஒரு குக்கர் இருக்கிறது, அவர் வாங்கியதுதான். போதாததற்கு ஐ.டி.யில் வேலை செய்கிற என் கொழுந்தன் வேறு அவர் கட்சி. "அண்ணி, சின்னது மெயில் பார்க்கத்தான் லாயக்கு. பவர்ஃபுல்லா ஒண்ணு எடுத்தா அஞ்சாறு வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்று தினமும் போனில் ஓதிக்கொண்டே இருந்தான்.

எனக்கு ஒரு குணம். யார் எவ்வளவு சொன்னாலும் நானே ஒரு தடவை செய்து பார்த்தால்தான் மனசு அடங்கும். முதலில் மெட்ரோவில் பெரிய பை மாட்டிக்கொண்டு நிற்பவர்களிடம் தோள் வலிக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தேன். ஒரு பெண், ஆரம்பத்தில் வலித்தது, இப்போது பை இல்லாவிட்டால்தான் ஏதோ போல இருக்கிறது என்றாள். ஒருவர் நான் தைலம் விற்க வந்தவள் என்று நினைத்தாரோ என்னவோ, அடுத்த பெட்டிக்கே போய்விட்டார்.

சரி, ஊரைக் கேட்பானேன் என்று நானே சுமந்து பார்த்தேன். பெரிய லேப்டாப்பின் எடைக்குத் துவரம் பருப்புப் பொட்டலங்கள், அதனுடைய சார்ஜரின் எடைக்கு ஒரு மண்டை வெல்லம், எல்லாவற்றையும் பையில் லேப்டாப் வைக்கிற அறையிலேயே திணித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மெட்ரோ ஸ்டேஷனில் பையை ஸ்கேன் செய்கிற இடத்தில் மாட்டிக்கொண்டேன். உருண்டையாக ஏதோ தெரிகிறதே என்று பையைத் திறக்கச் சொன்னார்கள். வரிசையாகப் பருப்பு, அடியில் வெல்லம். செக்யூரிட்டி அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏன் மேடம், மனேலி ஹப்பானா?" என்று கன்னடத்தில் கேட்டார். வீட்டில் பண்டிகையா என்கிறார். இல்லை, லேப்டாப் வாங்கலாமா என்று பார்க்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடிக் கையில் கொடுத்துவிட்டார்.

தோள் வலித்தது. ஆனால் தாங்க முடியாத வலி இல்லை. இதைக் கேட்டதும் கொழுந்தன் தன்னுடைய பெரிய லேப்டாப்பையே கொண்டுவந்து கொடுத்துவிட்டான். அவனுக்கு ஆபீஸில் வேறு இருந்தது. கொஞ்ச நாள் வைத்துப் பாருங்கள், அப்புறம் சின்னதைக் கையால் தொட மாட்டீர்கள் என்றான். சின்னதையும் பார்த்துவிட வேண்டும் என்று, என்னோடு வேலை செய்கிற தோழியிடம் அவளுடையதை இரவல் கேட்டு வைத்தேன். முதலில் பெரியது, பிறகு சின்னது, அதற்குப் பிறகு முடிவு என்று ஏற்பாடு.

பெரியதை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று வீடுகளுக்குப் போய் வந்தேன். பொய் சொல்லக் கூடாது, அருமையாக இருந்தது. சாஃப்ட்வேர் பட்டென்று திறந்தது. திரை பெரிதாக இருந்ததால், எந்தச் சத்தத்தில் காது இறங்குகிறது, அதாவது கேட்பது குறைகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் கோடு கோடாகக் காட்ட முடிந்தது. மனதுக்குள் கொழுந்தன் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஜோகுபாளையம் வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். ஐம்பது வயதை ஒட்டிய ஓர் அக்கா. இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம், அப்பா அரசாங்க வேலையில் இருந்தவர். தமிழும் கன்னடமும் அவர் வாயில் மாறி மாறி வரும், எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றது தொடங்குகிறது என்று அவருக்கே தெரியாது. தெலுங்கும் இந்தியும் வேறு. அந்தப் பேச்சுதான் அவர் பிழைப்பு. ஒரு தனியார் மருத்துவமனையில், வெளியூரிலிருந்து வருகிற நோயாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் நடுவில் நின்று, ஒருவர் சொல்வதை இன்னொருவருக்கு மொழி மாற்றிச் சொல்வது அவருடைய வேலை.

கொஞ்ச காலமாகவே காது மங்கிக்கொண்டு வந்திருக்கிறது. உதட்டைப் பார்த்தும், எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டும் சமாளித்திருக்கிறார். ஒரு நாள் டாக்டர் மருந்தைப் பற்றி ஒன்று சொல்ல, இவர் நோயாளியின் வீட்டாரிடம் வேறொன்றைச் சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற நர்ஸ் உடனே திருத்திவிட்டதால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்காரர்கள் யார் கண்ணிலும் பட வேண்டாம் என்றுதான் கிளினிக்குக்கு வராமல் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்.

முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். "இந்த மெஷின் எனக்குச் சரியா வரலன்னா வேலையை விட்டுடறேன்மா. என் காதால யாரோ ஒருத்தர் உசுருக்கு ஏதாவது ஆனா, அது பேடவே பேடா." வேண்டவே வேண்டாம் என்பதை அவர் கன்னடத்தில் சொன்ன விதத்தில், அது வெறும் பேச்சு இல்லை என்று தெரிந்தது.

எந்த வீட்டுக்குப் போனாலும் எங்கள் முதல் வேலை, வீட்டைச் சத்தமில்லாமல் ஆக்குவது. அங்கேயும் ஜன்னலைச் சாத்தினேன், மின்விசிறியை நிறுத்தினேன், ஃபிரிட்ஜை அணைத்தேன். மூலையில் ஒரு மீன்தொட்டி இருந்தது. அதன் மோட்டாரையும் கொஞ்ச நேரத்துக்கு நிறுத்தச் சொன்னேன். வீட்டையே ஊமையாக்கிவிட்டீர்களே என்று அக்கா சிரித்தார். மேஜையின் இந்தப் பக்கம் நான், எதிர்ப்பக்கம் அவர், நடுவில் பெரிய லேப்டாப். மெஷினை மாட்டி ஓட விட்டதும் அவர் முகம் மலர்ந்தது. வளையலை ஆட்டி ஆட்டிக் கேட்டுப் பார்த்தார். ஆனால் கொஞ்ச நேரத்தில் நெற்றி சுருங்கியது. ஏதோ 'உஸ்' என்று விடாமல் கேட்கிறது, அது உங்கள் பேச்சை மூடுகிறது என்றார்.

புதிதாக மெஷின் போட்டவர்கள் எல்லோருமே ஏதாவது ஒரு சத்தத்தைச் சொல்வார்கள். அது வழக்கம். அவருக்குக் காது இறங்கியிருந்தது மெல்லிய, கூர்மையான சத்தங்களில். அதைத்தான் நான் கூட்டியிருந்தேன். அந்தப் பகுதியைக் கொஞ்சம் குறைத்தேன். 'உஸ்' போய்விட்டது என்றார். நிம்மதியாக வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாளே போன். இரைச்சல் சுத்தமாக இல்லையாம். ஆனால் எல்லோரும் கம்பளிக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கிறதாம், வார்த்தை பிடிபடவில்லையாம். திரும்பப் போய், குறைத்ததைக் கூட்டினேன். பேச்சு தெளிந்தது, கூடவே 'உஸ்' வந்துவிட்டது. மறுபடியும் குறைத்தேன். மறுபடியும் கம்பளி. மெஷினிலேயே கோளாறோ என்று அதைக் கிளினிக்குக்கு எடுத்துப் போய், ஸ்டெதாஸ்கோப் மாதிரி ஒரு குழாய் வைத்து என் காதாலேயே கேட்டேன். சுத்தமாக இருந்தது. ஓர் இரைச்சலும் இல்லை. சிலருக்கு மனசே மெஷினை ஏற்றுக்கொள்ளாது, நீ என்ன செய்வாய், விட்டுவிடு என்றாள் தோழி. அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் எனக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. மெஷினில் இல்லாத சத்தம், கூட்டினால் வந்து குறைத்தால் மறைகிற சத்தம், எங்கேயிருந்துதான் வருகிறது?

மூன்றாவது தடவை போனது ஒரு சனிக்கிழமை மதியம். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் வேலை வேண்டாமென்று சொல்லிவிடப் போகிறேன் என்று அக்கா முடிவே செய்திருந்தார். எனக்காகத்தான் இந்தக் கடைசி முயற்சி. காபி கொடுத்துவிட்டு, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி வேடிக்கையாகச் சொன்னார்.

"நீங்க வந்தா அந்தச் சத்தமும் வருது, நீங்க போனா அதுவும் போயிடுது. உங்க கூடப் பொறந்ததாம்மா அது?"

நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு மனதில் ஒட்டிக்கொண்டது. வழக்கம்போல வீட்டை ஊமையாக்கிவிட்டு, கூர்மையான சத்தங்களைப் பழையபடி கூட்டினேன். 'உஸ்' வந்தது. இந்த முறை குறைக்கவில்லை. எழுந்து கொஞ்சம் நடந்து பாருங்கள் அக்கா என்றேன். சமையலறைக்குப் போனார், இல்லை என்றார். படுக்கையறை வாசலில் லேசாக இருக்கிறது என்றார். ஹாலுக்கு வந்ததும் இதோ வந்துவிட்டது என்றார். கண்ணை மூடிக்கொண்டு அது எந்தப் பக்கம் என்று கை காட்டச் சொன்னேன். பக்கத்து வீட்டில் என்ன தாளிக்கிறார்கள் என்று மோப்பம் பிடிக்கிற மாதிரி முகத்தை மெதுவாகத் திருப்பினார். பிறகு விரலை நீட்டினார். விரல் நேராக என் லேப்டாப்பைக் காட்டியது.

அது லேப்டாப், அது சத்தம் போடாது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், இதை நான் எதை வைத்துச் சொல்கிறேன் என்று எனக்கே தோன்றியது. எழுந்து மேஜையைச் சுற்றிப் போய், இத்தனை நாளும் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். முகத்தில் சூடாகக் காற்று அடித்தது. அந்தக் காற்றோடு மெல்லிசாக, விடாமல், 'உஸ்' என்று ஓர் இரைச்சல்.

பெரிய லேப்டாப்புக்குள்ளே சூட்டைத் தள்ள ஃபேன் உண்டு. அந்தக் காற்று வெளியே போகிற வழி பின்பக்கம். அதாவது என் எதிரில் உட்காருகிறவர் முகத்துக்கு நேராக. நான் எப்போதும் முன்பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். லாரி, பஸ், மெட்ரோ என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வருகிற என் காது, இதை ஒரு சத்தமாகவே சேர்க்கவில்லை போலிருக்கிறது. மின்விசிறி, ஃபிரிட்ஜ், மீன்தொட்டி வரை தேடித் தேடி நிறுத்தியவள், கையோடு ஒரு சத்தத்தைக் கொண்டுவந்து அவர் எதிரிலேயே வைத்திருக்கிறேன். அவர் இழந்திருந்ததும் சரியாக அந்த மாதிரி மெல்லிய சத்தங்களைத்தான். மெஷின் அதைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது, அவரும் ஒழுங்காகக் கேட்டிருக்கிறார். நான் என்னடாவென்றால், கேட்கிறது என்று அவர் சொல்லும்போதெல்லாம் கேட்காதபடி குறைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து அக்காவுக்குப் பயம். விஷயத்தைச் சொல்லி அவர் கையைப் பிடித்து அந்தக் காற்று வருகிற இடத்தில் வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை.

"அப்போ எனக்கு நல்லாத்தான் கேட்டிருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஆமாம் அக்கா, என்னைவிட நன்றாகக் கேட்டிருக்கிறது என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

இனி வேலையை முடிக்க வேண்டும். சின்ன லேப்டாப்போ தோழி வீட்டில் இருந்தது. திங்கட்கிழமைக்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு. நல்லவேளையாக மெஷினுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே ஒயர் கிடையாது. அதனால் அக்காவை ஹாலிலேயே உட்கார வைத்துவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய், மேடையில் மிக்சிக்குப் பக்கத்தில் வைத்தேன். நடுவில் ஒரு சுவர். உள்ளே போய்க் கொஞ்சம் மாற்றுவது, ஹாலுக்கு ஓடி வந்து பேசிப் பார்ப்பது, திரும்ப உள்ளே ஓடுவது. இப்படியே அல்லாடிக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் குறைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினேன்.

ஒரு தடவை உள்ளே நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எனக்கு நானே முணுமுணுத்தேன். இந்தப் பொட்டியைத் தோள் ஒடிய அத்திபெலேயிலிருந்து தூக்கிவந்ததுக்கு இது பண்ணின வேலையைப் பார், என்றோ என்னவோ சொன்னேன்.

"பாவம், அதைத் திட்டாதீங்கம்மா" என்றார் அக்கா, ஹாலிலிருந்து.

அதுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை அக்கா என்று பதில் சொல்லிவிட்டு இன்னொரு கோட்டை நகர்த்தினேன். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்படியே கையை எடுத்துவிட்டேன். நான் முணுமுணுத்தது எனக்கே சரியாகக் கேட்டிருக்காது. அவர் பக்கம் முதுகு காட்டி நிற்கிறேன். நடுவில் சுவர். பார்ப்பதற்கு உதடு இல்லை.

வெளியே எட்டிப் பார்த்தேன். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் அதே சமயத்தில்தான் புரிந்திருக்க வேண்டும். உள்ளே இருந்து யாராவது பேசினால் நான்தான் எழுந்து போய் என்னவென்று கேட்க வேண்டும், இருந்த இடத்திலிருந்து பதில் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது என்றார். பிறகு ஒரு சின்னப் பெண் மாதிரி என்னைத் திரும்பவும் சமையலறைக்குள்ளே விரட்டினார். இன்னும் ஏதாவது பேசுங்கள், சத்தமாகப் பேசாதீர்கள் என்றார்.

மிக்சியைப் பார்த்துக்கொண்டு, மெட்ரோவில் பருப்போடு மாட்டிக்கொண்ட கதையைச் சாதாரணக் குரலில் சொல்ல ஆரம்பித்தேன். தைலம் விற்கிறவள் என்று ஒருவர் ஓடியதைச் சொன்னபோது ஹாலில் ஒரு சின்னச் சிரிப்பு. "மனேலி ஹப்பானா" என்று முடித்ததும் சிரிப்பு வெடித்து வந்தது. சிரிக்க வேண்டிய இடத்தில், ஒரு நொடி தாமதமில்லாமல். எத்தனையோ பேருக்கு மெஷின் பொருத்தி, எத்தனையோ விதமாகச் சோதித்திருக்கிறேன். அதைவிட நல்ல சோதனை எனக்கு வாய்த்ததில்லை. கதையை முடித்துவிட்டு நான் அங்கேயே கொஞ்ச நேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போனார், வேலையை விடுவதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. சாயங்காலம் எனக்குப் போன் செய்து, ஆஸ்பத்திரியில் இவ்வளவு பேர் செருப்பைத் தேய்த்துக்கொண்டா நடக்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். அந்தக் குறையை நான் ஒன்றும் செய்யவில்லை.

தோழியின் சின்ன லேப்டாப்பையும் எடுத்துப்போய்ப் பார்த்தேன். அதற்குள்ளே ஃபேனே கிடையாது. அந்த மாதிரியே ஒன்று வாங்கிவிட்டேன். கடையில் இருந்த அட்டையில் எடை, வேகம், நினைவகம் என்று ஏதேதோ எழுதியிருந்தது. எவ்வளவு சத்தம் போடும் என்று மட்டும் எங்கேயும் இல்லை. கடைக்காரரிடம் கேட்டதற்கு, இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லையே மேடம் என்றார். காதை வைத்துக் கேட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். திரை சின்னது, கோடுகளைக் காட்டும்போது வீட்டார் தலையோடு தலை முட்டிக்கொள்கிறார்கள். சில சமயம் திணறவும் செய்கிறது. கொழுந்தனுக்கு இன்னும் ஆறவில்லை. போயும் போயும் ஃபேன் சத்தத்துக்காக நல்ல மெஷினை வேண்டாமென்ற ஒரே ஆள் நீங்கள்தான் அண்ணி என்கிறான். இருக்கட்டும். அவன் வேலைக்கு அதுதான் சரி.

இப்போதும் ஒரு புது வீட்டுக்குப் போனால் மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் நிறுத்திவிட்டு, லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு, முதலில் எதிர்ப்பக்கத்து நாற்காலியில் போய் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்க்கிறேன். ஏன் என்று கேட்பவர்களுக்குச் சிரித்து மழுப்பிவிடுவேன். யாராவது எனக்குக் கேட்காத ஒரு சத்தத்தைச் சொன்னால், அது அவர்கள் காதின் குறை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், நான் கூடவே கொண்டுவந்தது எதுவாவது இருக்குமோ என்று தேட வைத்தது அந்த ஜோகுபாளையத்து நாற்காலிதான்.